45 பவுண்டு ரீகர்வ், மான் வேட்டைக்கு எந்த பிராட்ஹெட்?

கேள்வி, 2022 ஆகஸ்ட் 21

அண்ணா, மிச்சிகனில் இருக்கிறேன். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்தாயிற்று. 45 பவுண்டு ரீகர்வ் (நுனி வெளிப்பக்கம் வளைந்த வில்), 28 அங்குல இழுப்பு, கார்பன் அம்பு. ஃபீல்டு பாயின்ட்டில் (பயிற்சிக்கான அலகில்லாத முனை) 15 கெஜத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் போடுகிறேன். அக்டோபர் 1-க்குள் பிராட்ஹெட் (வேட்டைக்கான அலகு வைத்த அம்புமுனை) வாங்க வேண்டும். வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் சிங்கிள் பெவல்தான், அதாவது விளிம்பில் ஒருபுறம் மட்டும் சரிவு வைத்த முனைதான் என்கிறார்கள். மூன்று முனைகளுக்கு நூறு டாலருக்கு மேல் கேட்கிறார்கள். அது இல்லாவிட்டால் மான் விழாதா? அப்புறம், கடையிலிருந்து வரும்போதே கூராகத்தானே இருக்கும், அதை எதற்கு மறுபடி தீட்ட வேண்டும்?

ஆகஸ்ட் 21, இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில். தீட்ட வேண்டும். டப்பாவில் "சவரக் கூர்" என்று அச்சடித்திருக்கும். திறந்து முன்கையில் வைத்துப் பாருங்கள், பாதி முனைகள் ஒரு மயிரைக்கூட எடுக்காது. தீட்டியே அனுப்புகிற தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள், விலையில் அது தெரியும். ஆனால் அந்தக் கூரும் ஒரு பயிற்சி அம்போடு போய்விடும். அதன் பிறகு நீங்கள்தான்.

இது ஏன் நம்மைப் போன்ற ஆட்களுக்கு முக்கியம் என்றால், நம் வில்லில் வலு குறைவு. உங்கள் அம்பின் எடை 480 கிரெயின், வேகம் விநாடிக்கு 165 அடி என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் 29 அடி-பவுண்டு வரும். பக்கத்துக் காட்டில் 70 பவுண்டு காம்பவுண்டு வில்லோடு (கப்பி வைத்தது) உட்கார்ந்திருப்பவர் 420 கிரெயின் அம்பை 280 அடி வேகத்தில் விட்டால் அது 73. கூர் கொஞ்சம் குறைந்தாலும் அவருக்கு வேகம் ஈடுகட்டும். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. இன்னொன்று, அம்பு துப்பாக்கிக் குண்டு போல அதிர்ச்சியால் கொல்வதில்லை. நுரையீரலை, பெரிய ரத்தக்குழாயை அறுத்துத்தான் கொல்கிறது. ரத்தக்குழாய் இழுபடும், வழுக்கி விலகும். மொக்கைக் கத்தி தக்காளித் தோலில் அழுந்திக்கொண்டே போகுமே, அதுதான் அங்கேயும் நடக்கும்.

ஆகவே என் பதில்: உங்கள் கையால் தீட்ட முடிகிற முனையை வாங்குங்கள். எந்த முனை என்பது அதற்கு அடுத்த கேள்வி. சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: மிச்சிகனில் பிராட்ஹெட் குறைந்தது 7/8 அங்குல அகலம், அம்பு குறைந்தது 14 அங்குல நீளம். விஸ்கான்சினிலும் 7/8 அங்குலம்தான், அங்கே வில்லுக்கும் 30 பவுண்டு என்று கீழ்வரம்பு உண்டு. சில மாநிலங்களில் பின்பக்கம் கொக்கி போல வளைந்த முனைக்குத் தடை. எல்லை தாண்டிப் போகிறவர்கள் அந்தந்த ஊர் விதியைப் படித்துவிட்டுப் போகவும்.

ஆகஸ்ட் 22

இங்கே ஒருவர் "மெக்கானிக்கல் முனை போட்டால் தீட்டும் தொல்லையே இல்லையே" என்று எழுதியிருக்கிறார். 45 பவுண்டுக்கு வேண்டாம். அது பட்டதும் அலகு விரிகிற ரகம், அந்த அலகுகளை விரிப்பதற்கே அம்பின் ஆற்றலில் ஒரு பங்கு போய்விடும். இருப்பதே 29. அகலமாக வேறு வெட்டும், அதற்கும் வலு வேண்டும்.

ஆகஸ்ட் 27

சரி, எந்த முனை. மூன்று வகையை மட்டும் சொல்கிறேன், மற்றவை எல்லாம் இவற்றின் பேரப்பிள்ளைகள்.

இரண்டு அலகு, இருபுறமும் சரிவு. மினசோட்டாவின் ஸ்விக்கி நிறுவனம் 1930களிலிருந்து செய்துவரும் ரகம். எளிமை, மலிவு, அரத்துக்குப் படியும் இரும்பு. நான் பல வருடமாக இதைத்தான் போடுகிறேன், அதனால் என் பேச்சில் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும்.

இரண்டு அலகு, ஒருபுறம் மட்டும் சரிவு. இதுதான் சிங்கிள் பெவல். சரிவு 25 பாகை என்றால் விளிம்பின் மொத்தக் கோணமும் அதே 25. இருபுறமும் 25 வைத்தால் மொத்தம் 50. ஆக, சிங்கிள் பெவலின் விளிம்பு மெல்லியது, அறுக்கும் சுகம் உண்மை. சரிவு ஒரே பக்கம் இருப்பதால் உள்ளே போகும்போது முனை திருகிக்கொண்டே போகும். எலும்பில் பட்டால் அந்தத் திருகல் எலும்பைப் பிளக்கும். இதுவும் உண்மைதான். ஆனால் விளிம்பு மெலிந்திருந்தால் இரும்பு நல்லதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மடங்கும். விலை ஏறுவது அங்கேதான்.

மூன்று அலகு, ஒரே வார்ப்பு. திறக்கிற துளை பெரிது. 1 1/8 அங்குல அகல முனையை எடுத்தால் இரண்டு அலகு மொத்தம் 1 1/8 அங்குலம் வெட்டும், மூன்று அலகு கிட்டத்தட்ட 1.7 அங்குலம். ஒன்றரை மடங்கு வெட்டு, ஆகவே உராய்வும் கூடும். 45 பவுண்டில் இது விலாவுக்குள் போகும். தோள்பட்டையில் பட்டால் கதை வேறு.

உங்களுக்கு நான் சொல்வது முதல் வகை, 150 கிரெயின் அல்லது அதற்கு மேல், அகலம் ஒரு அங்குலத்தை ஒட்டி, நீளம் அகலத்தைப் போல் இரண்டரை, மூன்று மடங்கு. நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் கொஞ்ச வலுவில் நிறைய தூரம் போகும்.

ஆகஸ்ட் 28

எதிர்பார்த்தது போலவே "ஆஷ்பி படித்ததில்லையா" என்று வந்துவிட்டார்கள். படித்திருக்கிறேன். எட் ஆஷ்பி 1980களில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலிலும் பிறகு ஆஸ்திரேலியாவில் காட்டெருமைகள் மீதும் செய்த சோதனைகளைப் போல உழைத்துச் செய்தவை இந்தத் துறையில் குறைவு. ஆனால் அவர் பெயரைச் சொல்லி சிங்கிள் பெவல் விற்கிறவர்கள் அவருடைய பட்டியலை வரிசையாகப் படிப்பதில்லை. அம்பு ஊடுருவ எது முக்கியம் என்று அவர் அடுக்கியதில் முதலாவது, முனையும் அம்பும் உடையாமல் வளையாமல் இருப்பது. இரண்டாவது, அம்பு நேராகப் பறப்பது. சரிவு ஒருபுறமா இருபுறமா என்பது வெகு கீழே வருகிறது, விளிம்பின் கூருக்கும் கீழே.

650 கிரெயின் இல்லாத அம்பு அம்பே அல்ல என்று ஒருவர் மூன்று பதிவு போட்டிருக்கிறார். அந்த 650 கனத்த எலும்பை உடைத்துக்கொண்டு போவதற்கான எல்லை. வெள்ளைவால் மானின் விலா எலும்புக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. வில்லின் பவுண்டுக்குப் பத்து கிரெயினை ஒட்டியோ கொஞ்சம் கூடவோ இருந்தால் நம் வேலைக்குப் போதும். எருமைக்குப் போகிறவர் 650-க்கு மேலே போகட்டும், நான் தடுக்கவில்லை.

செப்டம்பர் 4

தீட்டும் முறை. வேலை மெதுவானது, மறைவித்தை எதுவும் இல்லை.

வேண்டியவை: பத்து அங்குலத் தட்டை அரம், நடுத்தர வைரப்பட்டை (வைரத்தூள் பதித்த தீட்டும் தகடு) ஒன்று, மெல்லியது ஒன்று, தோல் வார், கறுப்பு மார்க்கர் பேனா. முனையைப் பயிற்சி அம்பு ஒன்றில் திருகிக்கொண்டால் பிடிக்க வசதி. கையில் தடித்த கையுறை போட்டுக்கொள்ளலாம். போடாதவர்களை விரலில் இருக்கும் பிளாஸ்திரியை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

முதலில் சரிவு முழுவதையும் மார்க்கரால் கறுப்படியுங்கள். இரண்டு தடவை அரத்தை ஓட்டிவிட்டுப் பாருங்கள். கறுப்பு விளிம்பை ஒட்டி மட்டும் போயிருந்தால் நீங்கள் பிடித்த கோணம் அதிகம். விளிம்புக்கு எதிரே இருக்கும் தோள்பக்கம் மட்டும் போயிருந்தால் குறைவு, விளிம்பை நீங்கள் இன்னும் தொடவே இல்லை. முழுப் பட்டையும் சீராக வெளுக்கும் வரை கையைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாகத் தீட்டுகிறவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். ஒரு மணி நேரம் தேய்த்திருப்பார்கள், விளிம்பில் பட்டிருக்காது. "இந்த இரும்பு கூராகாது" என்பார்கள்.

அரத்தை ஒரே திசையில், விளிம்பை நோக்கித் தள்ளுங்கள். முன்னும் பின்னும் இழுக்காதீர்கள், பல் போய்விடும். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்தில் பிசிறு எழும்பும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை விளிம்புக்குக் குறுக்காக, உள்ளிருந்து வெளியே மெல்லத் தடவினால் தட்டுப்படும். விளிம்பின் அடியிலிருந்து நுனிவரை முழு நீளத்துக்கும் பிசிறு வந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு இடம் விட்டுப்போனால் அங்கே தீட்டவில்லை என்று பொருள். முழுசாக வந்த பிறகுதான் மறுபக்கம் திரும்பவேண்டும். அங்கேயும் பிசிறு எழுப்புங்கள்.

அப்புறம் நடுத்தரப் பட்டை, அதன் பிறகு மெல்லியது. அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் முனையின் சொந்த எடை மட்டும் போதும், பக்கத்துக்கு ஒன்று, ஒன்று என்று மாற்றி மாற்றி. முடிந்ததும் தோல் வாரில் விளிம்பைப் பின்னிழுத்து, பச்சை மெருகுப் பசை தடவித் தீட்டினால் மீதிப் பிசிறும் போய்விடும். விளிம்பை முன்னே தள்ளினால் தோலை அறுத்துவிடும், இதைச் சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஆட்கள் குறைவு.

சிங்கிள் பெவலுக்கு ஒரே வேறுபாடு: சரிவுப் பக்கத்தை மட்டும் தேய்க்க வேண்டும். தட்டைப் பக்கத்தில் பிசிறு எடுக்கும்போது அதைக் கல்லில் முழுக்கப் படுக்க வைத்து மெல்ல ஓட்டுங்கள். கொஞ்சம் தூக்கினாலும் அங்கே இன்னொரு சரிவு உண்டாகிவிடும், நூறு டாலர் கொடுத்து வாங்கிய ஒருபுறச் சரிவு இருபுறமாகிவிடும்.

கோணம் கையில் நிற்காதவர்கள் சக்கரம் வைத்த பிடிப்பான் வாங்கிக்கொள்ளலாம், பிராட்ஹெட்டுக்கென்றே விற்கிறது. அது மானக்கேடு ஒன்றும் இல்லை. நானும் சரிவைப் புதிதாக அமைக்கும்போது பிடிப்பான்தான், பிறகு தீட்டுவதற்கு மட்டும் வெறுங்கை.

செப்டம்பர் 5

மின்சாரச் சாணைச் சக்கரத்தில் வைக்கலாமா என்று தனிச்செய்தியில் கேட்கிறார்கள். வைக்காதீர்கள். விளிம்பு காகிதம் போல மெல்லியது, சூடு நொடியில் ஏறும். 300 பாகை செல்சியஸை ஒட்டி இரும்பு நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய் இரும்பு மென்மையாகிவிடும், பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. ஊரில் சைக்கிள் மிதித்துச் சாணை பிடிக்க வருகிறவர் அரிவாளில் பொறி பறக்க விடுவார், அரிவாளில் இரும்பு தடிமன், சூட்டை வாங்கிக்கொள்ளும். இதில் வாங்காது.

ஒட்டுமுனை வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மரத்தண்டிலிருந்து கழற்ற அடுப்பில் காட்டும்போது முனையில் தண்டு செருகும் குழலை மட்டும் சூடாக்குங்கள், அலகில் தீ படக்கூடாது. சூட்டில் உருகும் பசை இளகுவதற்குப் பெரிய வெப்பம் தேவையில்லை.

செப்டம்பர் 10

பளபளப்புக் கூரா, அரத்துக் கூரா? இந்தச் சண்டை வந்தே தீரும் என்று தெரியும்.

பழைய காலத்து அமெரிக்க வில்லாளி ஹோவர்ட் ஹில் அரத்தோடு நிறுத்தியவர். விளிம்பில் வேண்டுமென்றே நுண்பற்கள் விட்டுவிடுவார், ரம்பம் போல இழுத்து அறுக்கும் என்பது அவர் கட்சி. அவருடைய வில் நம்மில் யாராலும் இழுக்க முடியாத பவுண்டு என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். பளபளப்புக் கட்சியின் வாதம் இது: ரத்தம் உறைவதைத் தூண்டுவது சிதைந்த திசு. கசங்கிக் கிழிந்த காயத்தில் சிதைவு அதிகம், சீக்கிரம் உறையும். வழவழப்பாக அறுபட்ட காயத்தில் குறைவு, ரத்தம் நீண்ட நேரம் ஓடும். முகம் மழிக்கும்போது சவர அலகு பட்ட கீறல் நிற்காமல் கசிவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் பளபளப்புக் கட்சி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அரத்தில் ஒழுங்காக முடித்த விளிம்பு, கண்ணாடி போல மின்னிக்கொண்டு பிசிறு முழுசாகப் போகாத விளிம்பைவிட நூறு மடங்கு மேல். பிசிறோடு விட்ட விளிம்பு கையில் மயிரை எடுக்கும், விலாவில் பட்டதும் மடங்கிவிடும். மயிர் எடுக்கிறது என்பதால் மட்டும் ஏமாறாதீர்கள்.

அதனால் நான் ரப்பர் பட்டையில் சோதிக்கிறேன். காலணிப் பெட்டியின் வாயில் ரப்பர் பட்டைகளைக் கொஞ்சம் தொளதொளப்பாக மாட்டி, அம்பைக் கையால் நேராக உள்ளே தள்ள வேண்டும், இழுத்து அறுக்கக்கூடாது. தொட்டதும் அறுந்தால் தயார். வளைந்து ஒதுங்கினால் மறுபடி கல்லுக்கு.

செப்டம்பர் 11

ஆமாம், வீட்டம்மாவும் கேட்டாயிற்று, இடது முன்கையில் மட்டும் ஏன் மயிரே இல்லை என்று. ரப்பர் பட்டைக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

செப்டம்பர் 18

தம்பி 200 கிரெயின் முனை வாங்கிவிட்டேன் என்கிறார், ஆனால் இதுவரை 125-ல்தான் பயிற்சி. அப்படியே மாட்டிக்கொண்டு போகாதீர்கள். முன்னால் எடை கூடினால் தண்டு வில்லிலிருந்து புறப்படும்போது அதிகம் வளையும், விறைப்பு குறைந்தது போல நடந்துகொள்ளும். வலது கைக்காரர் இறகில்லாத தண்டை எய்து பாருங்கள். இறகு வைத்த அம்புகளுக்கு வலப்பக்கம் போய்க் குத்தினால் தண்டு மென்மை. விறைப்பான தண்டுக்கு மாற வேண்டும், அல்லது முனை எடையைக் குறைக்க வேண்டும். இடப்பக்கம் போனால் தண்டு விறைப்பு அதிகம்.

இதை முடித்த பிறகு பிராட்ஹெட்டை எய்யுங்கள். ஃபீல்டு பாயின்ட் நல்ல பிள்ளை, அம்பு கோணலாகக் கிளம்பினாலும் இறகு சரிசெய்துவிடும். பிராட்ஹெட்டின் அலகு முன்பக்கத்தில் இன்னொரு இறகாக வேலை செய்யும், கோணலைப் பெரிதாக்கிக் காட்டும். இரண்டும் ஒரே இடத்தில் குத்தினால்தான் அம்பு உண்மையிலேயே நேராகப் பறக்கிறது.

மாட்டியதும் சுற்றிப் பார்க்க மறக்காதீர்கள். நுனியை உள்ளங்கையில் வைக்காமல் மரப்பலகையில் ஊன்றி, தண்டைப் பம்பரமாகச் சுழற்றுங்கள். குழலும் தண்டும் சேரும் இடத்தில் ஆட்டம் தெரிந்தால் கழற்றி மாட்டுங்கள். போகவில்லையென்றால் அந்தத் தண்டை வேட்டைக்கு எடுக்காதீர்கள்.

சிங்கிள் பெவல் வாங்கியவர்கள் இறகைப் பாருங்கள். வலச்சரிவு முனைக்கு வலச்சுழல் இறகு. மாற்றிப் போட்டால் பறக்கும்போது ஒரு திசையில் சுழன்ற அம்பு உள்ளே போனதும் எதிர்த்திசையில் திரும்ப வேண்டியிருக்கும். அந்தச் சண்டையில் வீணாவது உங்கள் 29 அடி-பவுண்டு.

இலக்கு நுரைப்பலகையில் எய்தால் கூர் மழுங்கும். அதனால் ஒரே எடை, ஒரே ரக முனை ஒன்றைப் பயிற்சிக்கென்று ஒதுக்கிவையுங்கள். அதைத் தீட்டவும் பழகலாம்.

செப்டம்பர் 24

இழைக்கு வெளியே ஒரு கேள்வி: இதை ஊருக்குப் போகும்போது மேற்குத் தொடர்ச்சி மலையில் செய்யலாமா? கூடாது. 1972-ன் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, புள்ளிமானைத் தொட்டால் சிறை. இங்கே மான் தொகையைக் கணக்கிட்டு, பருவம் குறித்து, உரிமம் கொடுத்து அரசே வேட்டையை அனுமதிக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதற்கு மேல் இதைப் பற்றி இங்கே வேண்டாம்.

அக்டோபர் 2

நேற்று பருவம் தொடங்கியது. மழை. மான் எதுவும் எய்யும் தூரத்துக்கு வரவில்லை. மரத்திலிருந்து இறங்கி முனைகளைப் பார்த்தால் விளிம்பில் அதற்குள் பழுப்புப் புள்ளி. கார்பன் இரும்பின் குணம் அது. கூரான விளிம்பைத்தான் துரு முதலில் தின்னும், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மழுங்கிவிடும். மெல்லிய பூச்சாக வாசலின் தடவுங்கள். துருப்பிடிக்காத எஃகு முனை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

அம்பறாத்தூணியின் நுரையையும் கவனியுங்கள். எடுத்து எடுத்துச் செருகினால் அதுவும் கூரைத் தின்னும். நான் எய்யப்போகும் முதல் அம்பை ஒரு தடவைதான் எடுக்கிறேன். காட்டுக்குப் போகும்போது சின்ன வைரப்பட்டை ஒன்று சட்டைப்பையில். மரத்தில் ஏறும்போது முனைகள் மூடியிருக்க வேண்டும். மரத்திலிருந்து விழுந்து சொந்த அம்பின் மேல் விழுவது கேலிக்குரிய விஷயம் அல்ல.

அக்டோபர் 16

மான் இல்லாத வாரம். அதனால் கொஞ்சம் சுற்றிவளைத்து.

இரும்பு முனைக்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டவருக்கு: 1911-ல் கலிபோர்னியாவின் ஓரோவில் பக்கம் இஷி என்ற யாஹி இன மனிதர் தனியாக வெளியே வந்தார், அந்த இனத்தின் கடைசி மனிதர். சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்த நாட்களில் எரிமலைக் கண்ணாடியிலும் புட்டிக் கண்ணாடியிலும் முனை கொத்திக் காட்டினார். அவருக்கு வைத்தியம் பார்த்த சாக்ஸ்டன் போப் அவரிடம் வில் கற்றுக்கொண்டார். 1916-ல் இஷி காசநோயில் இறந்துபோனார். போப்பும் ஆர்தர் யங்கும் பிறகு எழுதியதையும் வேட்டையாடியதையும் பார்த்துத்தான் அமெரிக்காவில் வில்வேட்டை மறுபடி உயிர் பெற்றது. நாம் இன்று மரத்தில் உட்கார்ந்திருப்பதற்கு மூலம் ஒரு அகதியின் கைவேலை. இதை வேட்டைக் கடைகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

எரிமலைக் கண்ணாடியின் விளிம்புக்கு எந்த இரும்பும் கூரில் ஈடாகாது. ஆனால் எலும்பில் பட்டால் சில்லு சில்லாகப் போகும். ஆஷ்பி பட்டியலின் முதல் வரியை இங்கே மறுபடி படிக்கலாம்.

மிச்சிகன்காரர்களுக்கு இன்னொன்று. பிரெட் பேர் தன் வில் தொழிற்சாலையை கிரேலிங்கில் வைத்திருந்தார், 1978-ல்தான் அது புளோரிடா போனது. 1950களில் அவர் கொண்டுவந்த ரேசர்ஹெட்டில் இரண்டு அலகுக்கு நடுவே சவர அலகு போல மெல்லிய தகடு ஒன்று குறுக்கே செருகும்படி இருக்கும். பெரிய அலகை அரத்தால் தீட்டலாம், சின்னதை மாற்றிக்கொள்ளலாம். பழைய சாமான் விற்பனைகளில் இன்னும் கிடைக்கிறது. துரு பார்த்து வாங்கவும்.

நவம்பர் 7

தம்பிக்கு வாழ்த்து. முதல் பெண்மான், 12 கெஜம், மரத்திலிருந்து. படமும் பார்த்தேன்.

அவர் எழுதியதில் இரண்டு விஷயம் பேச வேண்டும். முதலாவது, எய்த இடத்திலிருந்து நாற்பது கெஜம் வரை தரையில் ரத்தமே இல்லை, பயந்துவிட்டேன் என்கிறார். உடனே மூன்று பேர் "இரண்டு அலகு முனை போட்டால் இப்படித்தான், கீறல் மூடிக்கொள்ளும்" என்று எழுதிவிட்டார்கள். படத்தைப் பாருங்கள். அம்பு முதுகுக்குக் கொஞ்சம் கீழே நுழைந்திருக்கிறது, மறுபக்கத் தோள் எலும்பில் போய் நின்றிருக்கிறது. வெளியேறிய துளை கிடையாது. மேலே ஒரே துளை என்றால் நெஞ்சுக்கூடு நிரம்பி வழியும் வரை ரத்தம் உள்ளேயேதான் தங்கும். நாலு அலகு வைத்திருந்தாலும் அதே கதைதான், அதுவும் அவ்வளவு ஆழம் போயிருந்தால். மரத்தில் இருப்பவர்களுக்கு மேலே நுழைந்து கீழே வெளியேறும் துளைதான் தடம் போடும். அது வேண்டுமென்றால் அம்பு முழுக்க ஊடுருவ வேண்டும்.

ஆனாலும் அந்த மூன்று பேரை முழுசாக ஒதுக்க எனக்கு மனமில்லை. இலை உதிர்ந்து மழை பெய்த காட்டில் தடம் தேடுவது எப்படி என்று எனக்கும் தெரியும். ஊடுருவிப் போன அம்பில் அகலத் துளை நல்லதுதான். பிரெட் பேர் அந்தக் குறுக்குத் தகட்டை வைத்ததற்குக் காரணம் இருந்தது. அலகு குறைவாக இருப்பதே மேல் என்று ஆகஸ்டில் இருந்த அளவு உறுதியாக இப்போது சொல்ல மாட்டேன். 50 பவுண்டுக்கு மேல், அம்பு ஒழுங்காகப் பறக்கிறது என்றால் குறுக்குத் தகடு வைத்துப் பார்க்கலாம். 45-க்கு இன்னும் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

இரண்டாவது விஷயம் யாரும் கவனிக்காதது. முனையின் நுனி கொக்கி போல மடங்கியிருக்கிறது. அம்பு நின்றதில் அதற்கும் பங்கு உண்டு. ஊசி போன்ற நுனி எலும்பில் பட்டால் மடங்கும், மடங்கியதும் அங்கேயே நிற்கும். புது முனை வாங்கியதும் நுனியை மட்டும் இரண்டு பக்கமும் அரத்தால் லேசாகத் தட்டி உளி போல மொட்டையாக்கிக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் போதும். ஊடுருவலில் ஒன்றும் குறையாது, அறுப்பது பக்க விளிம்புதான்.

அரை மணி நேரம் காத்திருந்து இறங்கினார், அது சரி. குடலில் பட்டதாகச் சந்தேகம் வந்தால் மட்டும் எட்டு மணி நேரமாவது விட்டுவிடுங்கள்.

நவம்பர் 8

கறி பற்றிக் கேட்டவர்களுக்கு: கொழுப்பே இல்லாத இறைச்சி, ஆட்டுக்கறி மாதிரி கொதிக்க விட்டால் விறகாகிவிடும். முதுகுச் சதையை மெல்லியதாக நறுக்கி, மிளகு தூக்கலாக, சூடான வாணலியில் சில நிமிடம். கால் பகுதியைக் கொத்திக் கோளா உருண்டை போடலாம். மீதியைத் தனி இழையில் பேசுங்கள்.

நவம்பர் 12

ஒரு வாசகர் எழுதியதிலிருந்து: "எனக்கு வாதத்தால் கை நடுங்கும். எந்தக் கோணமும் நிற்பதில்லை. பிடிப்பானைத் திருகுவதும் சிரமம்." இவருக்கு என் ஆகஸ்ட் பதில் பொருந்தாது. இவர் மூன்று அலகு வார்ப்பு முனை வாங்க வேண்டும்.

காரணம் அதன் வடிவம். மூன்று அலகில் இரண்டு விளிம்பு கல்லின் மேல் ஒரே நேரத்தில் படுக்கும். கோணத்தை முனையே பிடித்துக்கொள்கிறது, கை செய்ய வேண்டியது தள்ளுவது மட்டும். கல்லில் அப்படியே முன்னே தள்ளி, சில தடவைக்கு ஒருமுறை அடுத்த பக்கம் திருப்புங்கள். மூன்று பக்கமும் சம எண்ணிக்கை. அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மெல்லிய கல்லுக்குப் போங்கள். மார்க்கர் சோதனை இங்கேயும் உண்டு. முடிவில் தோல் வாரிலும் அதே படுக்கையில் பின்னிழுத்தால் ஆயிற்று.

குறை என்னவென்றால் அந்தக் கோணம் 60 பாகை, மாற்ற முடியாது. இரண்டு அலகின் 50-ஐவிடவும் தடிமன். கூர் வரும், ஆனால் சவர அலகின் மென்மை வராது. பதிலுக்கு, அந்த விளிம்பு எலும்பில் பட்டாலும் எளிதில் மடங்காது. நடுங்கும் கையில் 60 பாகையில் ஒழுங்காக வந்த கூர், அதே கையில் 25 பாகையில் கோணல்மாணலாக வந்ததைவிட ஆழமாக அறுக்கும். அகலத்தை மட்டும் பெரிதாக எடுக்காதீர்கள். ஒரு அங்குலத்தை ஒட்டியதாகப் பாருங்கள், நெருங்கிய தூரம், மான் பக்கவாட்டாகவோ உங்களைவிட்டு அப்பால் கொஞ்சம் திரும்பியோ நிற்கும்போது மட்டும் எய்யுங்கள்.

நவம்பர் 15

இன்று முதல் 30 வரை துப்பாக்கிப் பருவம். வில்லோடு போனாலும் ஆரஞ்சு உடை கட்டாயம். முனை தீட்டும் நேரம் இது, நான் வீட்டில்தான்.

டிசம்பர் 4

வில் பருவம் மறுபடி ஜனவரி 1 வரை. அரம் வழுக்குகிறது, புதிதுதானே என்று தம்பி கேட்டிருக்கிறார். வழுக்குவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். முனையின் இரும்பு அரத்தை ஒட்டிய கடினம் என்றால் பல் பிடிக்காது, சில விலையுயர்ந்த சிங்கிள் பெவல்கள் அப்படித்தான். அவற்றை வைரப்பட்டையில் மட்டும் தேய்க்க வேண்டும். உங்களுடையது அந்த ரகம் இல்லை, ஆகவே பல்லிடுக்கில் இரும்புத்தூள் அடைத்திருக்கும். கம்பித் தூரிகையால் பல்லின் போக்கிலேயே தேய்த்து எடுங்கள். அப்புறம் சாதாரணச் சாக்பீஸை அரத்தின் மேல் பூசிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், தூள் ஒட்டாது. எண்ணெய் போடாதீர்கள். வாசலின் அரத்தில் படவே கூடாது, முனையில் பூசியிருப்பதைத் துணியால் துடைத்த பிறகுதான் அரத்தை எடுக்க வேண்டும்.